விக்குன்யாவைக் காத்த ஒப்பந்தம்: ஆண்டீஸ் நாடுகளின் அரை நூற்றாண்டு

ஆண்டீஸ் மலைத்தொடரில் 3,500 மீட்டருக்கு மேலே மரங்கள் அருகிப்போய், குளிர்ந்த புல்வெளி தொடங்குகிறது. பெரு, பொலிவியா, சிலி, அர்ஜென்டினா ஆகிய நான்கு நாடுகளின் எல்லைக்கோடுகளும் ‘பூனா’ எனப்படும் இந்தப் புல்வெளியின் ஊடாகவே செல்கின்றன. பெரும்பாலான இடங்களில் வேலி கிடையாது. இங்கே மேய்கிறது விக்குன்யா, ஒட்டகக் குடும்பத்தின் மிகச் சிறிய காட்டு உறுப்பினர். இதன் உள்ரோமத்தின் தடிமன் 12 முதல் 13 மைக்ரான்தான். உலகின் மிக மெல்லிய, மிக விலையுயர்ந்த விலங்கு ரோமங்களில் இது ஒன்று. அந்தப் பெருமையே இதற்கு எமனாகவும் வந்தது. 1960-களில் ஆண்டீஸ் முழுவதும் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 10,000. இன்று 4 லட்சத்துக்கும் மேல்.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இன்கா ஆட்சியிலிருந்து தொடங்க வேண்டும். விக்குன்யாவைக் கொல்வதற்குக் குடிமக்களுக்கு அன்று தடை இருந்தது. அதன் துணி அரச குடும்பத்துக்கே உரியது. ஒவ்வொரு வட்டாரத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் கூடி மனிதச் சங்கிலியாக நின்று மந்தைகளை வளைப்பார்கள். ரோமத்தைக் கத்தரித்துக்கொண்டு விலங்குகளை விட்டுவிடுவார்கள். இதற்கு ‘சக்கு’ என்று பெயர். பிடித்தவை எத்தனை, விட்டவை எத்தனை என்று முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்தார்கள் என்கிறார் 1609-இல் வெளிவந்த நூலில் இன்கா கார்சிலாசோ டி லா வேகா. எழுத்து முறை இல்லாத ஒரு பேரரசு வனவிலங்குக் கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறது என்பது வியக்கத்தக்கது.

ஸ்பானியர்கள் துப்பாக்கியோடு வந்தபின் இந்த ஒழுங்கு குலைந்தது. உயிரோடு பிடித்துக் கத்தரிப்பதைவிடச் சுட்டுத் தோலை உரிப்பது சுலபம். விடுதலைக்குப் பிறகு, 1825 ஜூலையில், விடுதலைப் போரின் தலைவர் சிமோன் பொலிவார் கூஸ்கோ நகரிலிருந்து ஓர் ஆணை பிறப்பித்தார்: விக்குன்யாவைக் கொல்லக் கூடாது, குறித்த மாதங்களில் ரோமம் மட்டும் எடுக்கலாம். அதே ஆண்டில் பெரு நாட்டின் சின்னத்திலும் விக்குன்யா இடம்பெற்றது. சின்னத்தில் பத்திரமாக இருந்த விலங்கு மலையில் தொடர்ந்து செத்துக்கொண்டிருந்தது. நூறாண்டுக்கு மேல் பெரு பலமுறை தடை போட்டும் பயனில்லை. காரணம் எளிது: பெருவில் சுட்ட விலங்கின் தோலை மலை தாண்டி அடுத்த நாட்டில் விற்க முடிந்தது. ஒரு நாட்டுச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், பக்கத்து நாட்டுச் சந்தை திறந்திருக்கும்வரை அது செல்லாக்காசு.

1967-இல் பெருவின் அயகுச்சோ பகுதியில், லுகானாஸ் கிராமச் சமூகத்தின் நிலத்தில், பம்பா கலேராஸ் காப்பகம் உருவானது. காவலர்கள் வந்தார்கள், எண்ணிக்கை கூடியது. அடுத்த அடிதான் உண்மையான திருப்பம். 1969 ஆகஸ்ட் 16 அன்று லா பாஸ் நகரில் பெருவும் பொலிவியாவும் விக்குன்யா பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வேட்டைக்குத் தடை, தோல்–ரோம வணிகத்துக்குத் தடை, இனப்பெருக்கத் திறனுள்ள விலங்குகளை ஏற்றுமதி செய்யத் தடை. 1970-களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவும் சிலியும் சேர்ந்துகொண்டன. ஒரே ஒரு விலங்குக்காக அண்டை நாடுகள் செய்துகொண்ட இந்த உடன்பாட்டின் அருமையை உணர, ஒரு பழைய பகையை நினைவில் கொள்ள வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பசிபிக் போரில் பொலிவியா தன் கடற்கரையையே சிலியிடம் இழந்திருந்தது; அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை. அப்படிப்பட்ட இரு நாடுகளும் இந்த விஷயத்தில் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டன. 1975-இல் சைட்டீஸ் எனும் உலக வனவிலங்கு வணிக உடன்படிக்கை விக்குன்யாவை முதல் பட்டியலில் சேர்த்ததும், வெளிநாட்டுச் சந்தையின் கதவும் மூடியது.

வெற்றியே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. பம்பா கலேராஸில் மந்தைகள் பெருகின. 1970-களின் இறுதியில் மேய்ச்சல் போதவில்லை என்று சொல்லி ஒரு பகுதியைச் சுட்டுக் குறைக்க அதிகாரிகள் முனைந்தபோது, பெருவின் புகழ்பெற்ற இயற்கைக் காவலர் ஃபெலிப்பே பெனாவிதெஸ் உள்ளிட்டோர் கடுமையாக எதிர்த்தார்கள். இதற்கிடையே மலைவாழ் மக்களின் கேள்வி வேறு: எங்கள் ஆடும் லாமாவும் தின்ன வேண்டிய புல்லை இது தின்கிறது, தொட்டால் சிறை, எங்களுக்கு என்ன மிச்சம்?

நியாயமான கேள்வி. 1979 டிசம்பர் 20 அன்று லிமாவில் உருவான இரண்டாவது ஒப்பந்தம் அதற்கு முதல் பிரிவிலேயே பதில் சொன்னது: விக்குன்யாவைக் காப்பது ஆண்டீஸ் மக்களுக்கு ஒரு பொருளாதார வழியாக அமைய வேண்டும், அரசின் கட்டுப்பாட்டில், படிப்படியாக அது நடக்க வேண்டும். ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் அந்த நிலத்து மக்களைப் பயனாளிகளாக முன்வைத்தது அக்காலத்தில் மிக அரிது. ஒப்பந்தத்துக்கென ஒரு தொழில்நுட்பக் குழுவும் அமைந்தது. ஈக்குவடாரும் இதில் இணைந்தது. அந்த நாட்டில் அப்போது விக்குன்யாவே இல்லை. 1988-இல் பெருவும் சிலியும், பின்னர் பொலிவியாவும் அனுப்பிய விலங்குகள் சிம்போராசோ எரிமலைச் சரிவுகளில் விடப்பட்டன. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் மேய்கின்றன.

பெருவில் 1980-கள் கொடுமையானவை. ‘ஒளிரும் பாதை’ என்ற ஆயுதக் குழுவின் கிளர்ச்சிக்கு மையமே அயகுச்சோதான். காவலர்கள் வெளியேற, கள்ளவேட்டை திரும்பியது. 1994 கணக்கெடுப்பில் பெருவில் 66,559 விக்குன்யாக்களே இருந்தன. 1995-இல் வந்த சட்டம் தங்கள் நிலத்தில் மேயும் மந்தைகளின் மீது கிராமச் சமூகங்களுக்கு உரிமை கொடுத்தது; வேட்டைக்காரர்களுக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. 2012 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 208,899.

இந்த மாற்றத்தின் நடைமுறை வடிவம், மீண்டும் உயிர்பெற்ற சக்குதான். லுகானாஸில் நூற்றுக்கணக்கானோர் வண்ணத் துணிகள் கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்தபடி மலைச்சரிவில் மெல்ல இறங்குவார்கள். காட்டு விலங்கு துணி அசைவதைக் கண்டு ஒதுங்கும். கயிற்றைத் தாண்டத் துணியாது. புனல் போல் குறுகும் வேலிக்குள் மந்தை நுழைந்ததும் வாயில் அடைபடும். பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்து ரோமத்தின் நீளத்தை அளப்பார்கள். குட்டிகளும், கத்தரிக்கும் அளவுக்கு ரோமம் வளராதவையும் அப்படியே விடப்படும். மற்றவற்றைக் காலைப் பிடித்துத் தரையில் கிடத்திச் சில நிமிடங்களில் கத்தரித்துவிடுவார்கள். கிடைப்பது சுமார் 200 கிராம். அடுத்த முறைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சைட்டீஸும் இதற்கேற்ப நெகிழ்ந்தது. 1987-இல் பெரு, சிலியின் சில மந்தைகளும் 1994-இல் பெருவின் எல்லா மந்தைகளும், கட்டுப்பாட்டுடன் வணிகத்தை அனுமதிக்கும் இரண்டாம் பட்டியலுக்கு மாறின. நிபந்தனை ஒன்று: உயிருள்ள விலங்கிடம் கத்தரித்த ரோமமாக இருக்க வேண்டும், துணியில் விக்குன்யாவின் பெயரும் நாட்டின் பெயரும் பதிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இத்தாலிய ஆடை நிறுவனங்கள் விற்கும் ஒரு மேலாடையின் விலைக்கும், ரோமத்தைக் கொடுத்த கிராமத்தின் பங்குக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிது. இந்த ஒப்பந்தத்தின் மிகப் பெரிய குறை இதுவே. உயிரினத்தைக் காப்பதில் ஒன்றுபட்ட நாடுகள், விலை பேசுவதில் ஒன்றுபடவில்லை; ஒவ்வொன்றும் தனித்தனியே வாங்குவோரைத் தேடுகின்றன. கள்ளவேட்டையும் ஓயவில்லை.

சட்டத்துக்குக் கட்டுப்படாத இன்னொன்று நோய். 2014-இல் அர்ஜென்டினாவின் சான் கில்லெர்மோ தேசியப் பூங்காவில் சொறி நோய் பரவி, சில ஆண்டுகளில் விக்குன்யாக்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. அவற்றின் உடல்களை நம்பியிருந்த காண்டார் கழுகுகளும் அங்கே குறைந்தன. கால்நடைத் திட்டத்தில் கொண்டுவரப்பட்ட லாமாக்களிடமிருந்து நோய் தொற்றியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெருவிலும் பொலிவியாவிலும் சிலியிலும் இதே நோய் காணப்படுகிறது. வேட்டையைத் தடுக்க எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் குழு, எல்லையோரக் கால்நடை மருத்துவத்தையும் நாடுகளிடையே நோய்த் தகவல் பரிமாற்றத்தையும் இப்போது தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.