ஊவாத் தோட்டங்களிற் காமன் கூத்து

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூவகைப்படுத்திப் போற்றுவது மரபு. ஆயினும் இலங்கைத் தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பலர் நகரங்களின் வரலாற்றையே எழுதி அமைந்தனர். கொழும்பு மருதானையில் 1911 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டவர் மண்டபம், அந்நகரிலேயே 1953 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கு, யாழ்ப்பாணத்திற் கலையரசு சொர்ணலிங்கம் நடித்தும் பயிற்றியும் வளர்த்த மேடை என்றவாறு, கட்டடமும் திரையும் கட்டணச் சீட்டும் உள்ள இடங்களையே அவ்வரலாறு தொட்டுச் செல்கின்றது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை வரையும், மறுபுறத்தே பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை வரையும் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில் நாடகம் இருந்ததா என்னும் வினா எழுமிடத்து, "கூத்து இருந்தது" என்ற விடையோடு அறிஞர் சிலர் நின்றுவிடுவர். கூத்தென்பது நாடகத்திற் குறைந்ததொன்று என்னும் எண்ணம் அவ்விடையுள் மறைந்து கிடக்கின்றது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்பெறும் காமன் கூத்து ஒன்றே தெளிவாக்கும்.

ஊவா தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1886 ஆம் ஆண்டிலாகும். அதற்கு முன்னரே அங்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869 ஆம் ஆண்டு இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. தாமஸ் லிப்டன் என்னும் வணிகர் 1890 ஆம் ஆண்டு அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியதன் பின் ஊவாத் தேயிலை உலகச் சந்தையிற் பெயர் பெற்றது. இத்தோட்டங்களுக்கு ஆள் திரட்டியோர் கங்காணிமார். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தத்தம் உறவினரையும் ஊராரையும் அவர்கள் கூட்டி வந்தனர். கங்காணி முறையின் கொடுமைகள் பல. எனினும் ஓரூரார் ஒரு கங்காணியின் கீழ் ஒருங்கே வந்தமையால், அவ்வூரின் பாட்டும் பறையும் ஆட்டமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் மலையேறின என்பதையும் மறத்தலாகாது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்றும் அவ்வாறு வந்தவையே. பொன்னர் சங்கர் கொங்குநாட்டு அண்ணன்மார் கதை. அருச்சுனன் தபசில், பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யும் அருச்சுனனாக வேடம் பூண்டவன் நெடுமரத்திற் பாடிக்கொண்டே ஏறுவான். காமன் கூத்தோ ஊரையே அரங்காக்குவது.

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையிற் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்குக் கொம்பும் சேர்த்து வைக்கோற்புரி சுற்றிய அக்கம்பமே காமன். அன்று தொடங்கி முழுநிலவையொட்டிய இரவு வரை கூத்து நிகழும். இரதியாகவும் மதனாகவும் ஆடுவோர் இருவரும் ஆடவரே. அவர்கள் காப்புக்கட்டி நோன்பிருப்பர். வாத்தியார் பாட்டெடுத்துக் கொடுக்கத் தப்பும் உருமியும் முழங்கும். நாட்கள் செல்லச் செல்ல இந்திரன், தூதன், தக்கன், வீரபத்திரன், யமன், குறவன், குறத்தி எனப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாய் வந்து சேரும். ஆட்டக்காரர் பொட்டலில் மட்டும் நில்லாது லயந்தோறும் சென்று ஆடுவர். காண்போர் அரங்கை நாடிச் செல்வது நகரத்து வழக்கம். இங்கே அரங்கு காண்போரின் வாயிலுக்கே வருகின்றது. பிள்ளைப்பேறு வேண்டுவோர் காமனுக்கு நேர்த்தி வைப்பதும் உண்டு.

பருவமும் இக்கூத்துக்குத் துணை செய்தது. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. அது ஐப்பசி முதல் தை வரை பெய்து ஓய்ந்தபின் வரும் மாசியில், வெட்டவெளியில் இரவு முழுதும் விழித்திருப்பது இயல்வதாகின்றது.

தப்பைப் பற்றித் தனியே ஒன்று கூறல் தகும். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்ப அடிக்கப்பட்டதும் தப்பே. பகலில் துரையின் கட்டளையை ஒலித்த தோற்கருவி, மாசி இரவுகளில் இரதியின் ஆட்டத்துக்கு அடவு கூறியது. கங்குகளின் முன் தோலைக் காய்ச்சி விடிய விடிய அடித்த கைகள் சில மணி நேரத்தின் பின் வேலைக்குச் செல்லவேண்டியிருந்தன. அவ்வாறிருந்தும் அக்கைகளுக்குரியோரைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த வழக்கமும் இக்கூத்தோடு கூடவே வந்தது. கலையைப் புகழ்வோர் அதனைக் கூறாது விடுவது நேர்மையன்று.

காமன் வழிபாடு தமிழருக்குப் புதிதன்று. வில்லவன் விழாவைக் கலித்தொகை அறியும். காவிரிப்பூம்பட்டினத்துக் காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு கண்ணகிக்குத் தேவந்தி கூறியதைச் சிலப்பதிகாரம் படித்தோர் யாவரும் அறிவர். வடநாட்டில் ஹோலிப் பண்டிகையோடு காமதகனமும் இணைத்துப் பேசப்படுகின்றது. காளிதாசன் குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதையும் இரதியின் புலம்பலுக்கு ஒதுக்கினான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்திற் காமதகனப் படலம் உள்ளமையால், புராணபடனம் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தார்க்கும் இக்கதை பழக்கமானதே. கதை ஒன்றுதான், அது கொள்ளும் பொருளோ இடத்துக்கு இடம் வேறாகின்றது.

புராணத்தில் நெஞ்சை நிறைத்து நிற்பவர் யோகத்தமர்ந்த சிவபெருமான். காமன் எரிவது அவருடைய யோகத்தின் பெருமைக்குச் சான்று. தோட்டத்துக் கூத்திலோ காண்போரின் நெஞ்சம் காமனோடும் இரதியோடும் செல்கின்றது. தூதன் ஓலை கொண்டு வருகிறான். இந்திரன் ஆணை, போகாதிருத்தல் இயலாது. தீக்கனாக் கண்டதாகக் கூறி இரதி தடுக்கிறாள். காமன் தன் பகைமை எதுவுமின்றி, பிறர் காரியத்துக்காகப் போகிறான், எரிகிறான். ஏவிய தேவர்கள் விண்ணுலகத்தில் நலமாக இருக்கின்றனர். எவரோ ஒருவர் விடுத்த ஓலையை நம்பிக் கடல் கடந்தோர், 1921 ஆம் ஆண்டு வரை துண்டு என்னும் கடன்சீட்டாற் கட்டுண்டிருந்தோர், இவ்வோலையை வெறும் புராண ஓலையாகக் கேட்டிருப்பர் என்று கொள்ளுதல் அரிது. இறுதி இரவிலே கம்பம் தீப்பற்றியதும், வெண்சேலையுடுத்து இரதி பாடும் புலம்பல் ஒப்பாரியின் மெட்டைத் தழுவி எழும். இழவு வீட்டில் ஒப்பாரி பாடிப் பழகிய பெண்களுக்கு அஃது அயலார் துயரமாகத் தோன்றுவதில்லை. மூன்றாம் நாள் காமன் உயிர்ப்பிக்கப்படுவான். இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகும் அனங்கனாக அவன் மீள்கிறான் என்பது புராணம். தோட்டத்தார் அதனை அவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. எழுந்துவிட்டான் என்பதே அவர்களுக்கு வேண்டியது.

இத்துணைத் துயரத்தையும் தாங்கச் செய்பவன் கோமாளி. தலைமைப் பாத்திரங்கள் வாத்தியார் கற்பித்த பாட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்பட்டவை. கோமாளி மட்டும் பாடத்துக்குக் கட்டுப்படாதவன். தேவர் பேசுங்கால் இடைமறிப்பான். யமனுக்கு அஞ்சி நடுங்குவதாகக் காட்டி அவனையே கேலி செய்வான். அன்றாட நிகழ்ச்சிகளைக் கதைக்குள் இழுத்து வருவான். மலைநாட்டுத் தொழிலாளர் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பை நோக்குவோர், கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் நகையாடும் பாடல்கள் எத்துணை என்பதைக் காண்பர். கொழுந்து நிறுக்கும்போது கேட்கமுடியாத கேள்வியைப் பாட்டிலும் கோமாளி வாயிலும் வைத்துக் கேட்கலாம். நகைச்சுவை ஆங்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்கு மட்டுமன்று. பேச்சுரிமைக்கு அடுத்த வாயிலாகவும் அஃது அமைந்தது.

நகரத்து நாடகமும் தோட்டத்தை எட்டாமல் இல்லை. 1914 ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கித் தமிழ்நாட்டுப் புகைவண்டியும் இலங்கைப் புகைவண்டியும் இணைந்தன. மலைநாட்டுப் பாதை 1894 ஆம் ஆண்டளவிற் பண்டாரவளை வந்து, தெமோதரையின் வளைவைச் சுற்றிப் பதுளையை அடைய 1924 ஆம் ஆண்டாயிற்று. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளும் அப்பாதை தேயிலைப் பெட்டிகளுக்காகவே போடப்பட்டது. ஆனால் அதில் ஆர்மோனியமும் ஏறி வந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் போன்ற இசைநாடகங்களின் மெட்டும், பட்டும் சரிகையும் மின்னும் உடையும் தோட்டத்துக் கூத்திற் புகுந்தன. கோமாளி "பபூன்" ஆனான். பழமை கெட்டதென்று வருந்துவோர் உளர். கூத்து எக்காலத்தும் கண்டதைக் கவர்ந்து உண்டே வளர்ந்தது என்பதை அவர்கள் நினைவதில்லை.

இம்மலைகளிற் சிங்கள மக்களுக்கும் அவர்களுக்குரிய நகைச்சுவைக் கூத்தொன்று உண்டு. அறுவடை முடிந்த களத்தில் ஆடப்படும் சொக்கரி என்பது அது. இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வரும் குருஹாமியும் அவன் மனைவி சொக்கரியும் வேலைக்காரன் பரயாவும் அதன் பாத்திரங்கள். சொக்கரியும் பிள்ளைவரம் வேண்டியே வருகிறாள். கண்ணகியாகிய பத்தினித் தெய்வத்தோடு அக்கூத்துத் தொடர்புடையது. அயல்நாட்டிலிருந்து வந்தோரின் தடுமாற்றமே அதில் நகைப்புக்குப் பொருள். அதே வருகையைத் துயரமாகப் பாடியோர் ஒரு சரிவிலும் நகையாக ஆடியோர் மறு சரிவிலுமாக வாழ்ந்த விந்தையை நாடக ஆராய்ச்சியாளர் இன்னும் போதிய அளவு நோக்கவில்லை.

சிங்களக் கிராமியக் கூத்துகளை ஆராய்ந்த பேராசிரியர் சரச்சந்திர, தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் வடிவத்தைக் கொண்டு 1956 ஆம் ஆண்டு லயனல் வென்ட் அரங்கில் மனமே நாடகத்தை மேடையேற்றினார். அதன் வெற்றி தமிழறிஞரையும் தூண்டிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1960களிற் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றைத் தந்து கூத்துக்குக் கற்றோரிடையே மதிப்புத் தேடித் தந்தார். அவர் பணியை எவரும் குறைத்துக் கூறார். ஆனால் அவர் எடுத்தாண்டது பெரிதும் மட்டக்களப்பு மரபு. பேராதனையைச் சூழ்ந்த மலைகளிலேயே ஆடப்பட்டு வந்த காமன் கூத்து அவ்வெழுச்சியிற் பின்னே நின்றுவிட்டது. பதினைந்து நாட் கூத்தை இரண்டு மணி நேர மேடைக்குள் அடக்குவதும் எளிதன்று.

அந்த 1960களிலேயே வேறொன்று நிகழ்ந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலைநாட்டு மக்களைப் பங்கிட்டு 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அதில் எழுதப்பட்டது. தலைமன்னாரிலிருந்து கப்பல் 1984 ஆம் ஆண்டு வரை ஆட்களைக் கொண்டு சென்றது. கூத்தின் பாடல் அச்சிட்ட நூலில் இல்லை. வாத்தியாரின் நினைவிலும் கையெழுத்துக் கொப்பியிலுமே இருந்தது. இரதியாடியவன் ஒரு பட்டியலிலும் மதனாடியவன் மறு பட்டியலிலும் அமைந்தால் எஞ்சியோர் எதைக்கொண்டு ஆடுவர்? உருமிக்காரன் போன தோட்டத்தில் தப்பு மட்டும் மிஞ்சும். பாடல் மறந்தவிடத்தில் திரைப்பட மெட்டு நுழையும். இவ்விழப்பை எந்தக் கணக்கும் பதியவில்லை; தலையெண்ணிக் கப்பலேற்றியோர் பாட்டை எண்ணியிலர். அடுத்து வந்த 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுக் கலவரங்கள் தோட்டங்களையும் பதுளை நகரத்தையும் வருத்தின. இரவில் வெளியே கூடி நிற்பதே அச்சத்துக்குரியதான காலத்திற் கூத்து எங்ஙனம் நிகழும்?

இவற்றையெல்லாம் கடந்தும் கூத்து முற்றாக அழியவில்லை. மாத்தளை வடிவேலன் போன்றோர் மலையகப் பாரம்பரியக் கலைகளை எழுத்திற் பதிந்தனர். கம்பம் ஊன்றும் தோட்டங்கள் ஊவாவில் இன்றும் உள. இளைஞர் பலர் கொழும்புக் கடைகளிற் பணிபுரிவதால் நாள்தோறும் ஆட ஆள் போதுவதில்லை. ஆயினும் இலங்கையில் முழுநிலா நாள் போயா விடுமுறை. காமன் எரிவதும் முழுநிலவையொட்டியே. பௌத்தருக்காக அரசு விட்ட விடுமுறையிற் பேருந்தேறி ஊர் வரும் இளைஞர், தம் பாட்டனார் காப்புக்கட்டிய பொட்டலில் வேடம் பூண்டு நிற்கின்றனர்.