வரம்பும் வாக்குறுதியும்: மெய்நிகர் நினைவகத்தின் வரலாறு

கணினியில் ஒரு செயலி, நினைவகம் போதவில்லை என்று அறிவித்துவிட்டு நின்றுபோகும்போது, அவ்வியந்திரமே பழையது என்று நாம் எண்ணிவிடுகிறோம். பல வேளைகளில் உண்மை வேறாக இருக்கும். இயந்திரத்தில் இடம் எஞ்சியிருக்கலாம். எனினும், ஒரு செயலி இவ்வளவுக்கு மேல் கேட்கலாகாது என்று எவரோ முன்னரே ஓர் எண்ணைக் குறித்து வைத்திருப்பார். அவ்வெண் எவ்வாறு தோன்றியது, அதனைக் குறிக்கும் உரிமை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பவற்றை இவ்வுரையில் ஆராய்வோம்.

இவ்வரலாற்றைப் பினாங்கில் இருந்துகொண்டு பேசுவதற்குத் தக்க காரணம் உண்டு. 1960களின் இறுதியில் தடையற்ற துறைமுகம் என்னும் தகுதியை இழந்த இத்தீவு, வேலையின்மையால் வாடியது. 1969 ஆம் ஆண்டில் முதலமைச்சரான லிம் சோங் யூவின் ஆட்சியில், பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் 1972 ஆம் ஆண்டு தடையற்ற வணிக வளாகம் அமைந்தது. நெல் விளைந்த நிலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் சில்லுப் பொருத்தும் ஆலையை அங்கேதான் நிறுவியது. உருப்பெருக்கியின் வழியே நோக்கி, மயிரினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் இணைத்தவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அக்காலத்தில் இன்டெலின் முதன்மை வணிகமே நினைவகச் சில்லுகள்தாம். 1970 இல் அது வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளை மட்டுமே தாங்கியது.

நினைவகம் அவ்வளவு அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருந்ததால், சிறிய இடத்தைப் பெரியதாகக் காட்டும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய அட்லஸ் கணினி, 1962 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அதன் விரைவு நினைவகம் 16 ஆயிரம் சொற்களையும், மெதுவாகச் சுழலும் காந்த உருளை 96 ஆயிரம் சொற்களையும் கொண்டிருந்தன. அதுவரை நிரலர்கள் தம் நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, எத்துண்டு எப்போது உள்ளே வரவேண்டும் என்று தாமே திட்டமிட்டனர். அட்லஸ் அப்பணியைத் தான் ஏற்றுக்கொண்டது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுத்து, வேண்டிய பக்கத்தை உள்ளே கொணர்ந்து, வேண்டாததை உருளைக்கு அனுப்பியது. இரண்டும் சேர்ந்து ஒரே நினைவகமாகவே நிரலர்க்குத் தோன்றின.

இதனை மாணவர்க்கு விளக்கத் திருமண விருந்து பொருத்தமானது. நூறு பேர் அமரும் கூடத்தில் ஐந்நூறு பேர்க்கு விருந்து வைக்கலாம். பந்தி பந்தியாக அமர்த்தினால் போதும். ஆனால் அழைக்கப்பட்டோர் அளவின்றிப் பெருகினால், இலையில் சோறு விழுமுன்பே ஒருவரை எழுப்பி மற்றவரை அமர்த்த நேரும். அனைவரும் நடந்துகொண்டே இருப்பர், உண்பவர் எவருமிலர். கணினிக்கு நேரும் இந்நிலையை 1968 இல் பீட்டர் டென்னிங் ஆராய்ந்தார். ஒரு செயலி குறிப்பிட்ட காலப்பகுதியில் உண்மையாகவே கையாளும் பக்கங்களின் தொகுதியை அவர் வரையறுத்தார். அத்தொகுதிகள் அனைத்திற்கும் உள்ளே இடமில்லையெனில், புதிய செயலியை உள்ளே விடாதிருத்தலே நன்று என்பது அவர் காட்டிய வழி. வரம்பு என்பது கஞ்சத்தனமன்று, பணி நடைபெறுவதற்கான நிபந்தனை என்பது அப்போது தெளிவாயிற்று.

பாயான் லெப்பாஸ் வளாகம் தோன்றிய அதே 1972 இன் ஆகஸ்டு மாதத்தில், ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைக் கணினிகளுக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. 1979 இன் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஓசால்ப் பாபாவ்லுவும் பில் ஜாயும் வாக்ஸ் கணினிக்கான யூனிக்ஸ் இயங்குதளத்தில் இவ்வசதியைச் சேர்த்தனர். ஒரு செயலியின் தரவுப் பகுதி எவ்வளவு வளரலாம் என்னும் உச்ச அளவு, கெர்னல் எனப்படும் உட்கருவிலேயே மாறிலியாகப் பதிந்திருந்தது. அதை மாற்ற விரும்பியவர் கெர்னலையே மீண்டும் தொகுத்து, இயந்திரத்தை மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

1983 இல் வெளிவந்த பெர்க்லியின் 4.2 பதிப்பு, வரம்பை இருவகையாக்கியது. மென்வரம்பைப் பயனரே தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வன்வரம்பைத் தாண்டலாகாது. வன்வரம்பை உயர்த்தும் உரிமை கணினி மேலாளர்க்கு மட்டுமே உரியது. கெர்னலை எழுதியவர், மேலாளர், பயனர் ஆகிய மூவர்க்கும் அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்ட இம்முறை இன்றும் வழக்கிலுள்ளது.

1985 இல் இன்டெல் இயங்கு நினைவகச் சில்லு வணிகத்தைக் கைவிட முடிவு செய்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே 386 என்னும் நுண்செயலியை அறிமுகப்படுத்தியது. பக்க முறையைத் தன்னுள்ளே கொண்டிருந்த அச்சில்லில் ஒரு பக்கத்தின் அளவு 4 கிலோபைட்டு. முகவரி இடமோ 4 கிகாபைட்டு. 4 மெகாபைட்டு நினைவகமே பொருத்தப்பட்ட கணினியில், உள்ளதைப் போல 1,024 மடங்கு இடம் முகவரியளவில் இருந்தது. 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இச்சில்லின் மேல் லினக்ஸை எழுதினார். அதன் முதற்பதிப்பு அந்த 4 கிகாபைட்டை 64 செயல்களுக்குத் தலா 64 மெகாபைட்டாகப் பங்கிட்டது. எளிமை கருதிச் செய்த அப்பங்கீடு பின்னர்க் கைவிடப்பட்டது.

இன்றைய லினக்ஸில் வினா வேறு வடிவில் எழுகிறது. செயலிகள் கேட்கும் இடத்தில் பெரும்பகுதியை அவை பயன்படுத்துவதேயில்லை. ஆதலால் கையிருப்பைவிட மிகுதியாகவே கெர்னல் வாக்களிக்கிறது. அனைவரும் ஒருசேர வந்து கேட்டால், ஏதேனும் ஒரு செயலியைத் தேர்ந்து அதன் இயக்கத்தை முடித்துவிடுகிறது. இதனை விரும்பாத மேலாளர் கண்டிப்பான முறையைத் தெரிவுசெய்யலாம். அம்முறையில் மொத்த வாக்குறுதி, மாற்றிட வட்டின் அளவோடு நினைவகத்தில் 50 விழுக்காட்டைக் கூட்டிய தொகையைத் தாண்டாது. 8 கிகாபைட்டு நினைவகமும் 2 கிகாபைட்டு மாற்றிட வட்டும் உள்ள கணினியில் அத்தொகை 6 கிகாபைட்டு. இந்த 50 என்பது இயற்கை விதியன்று. கெர்னலை எழுதியோர் வைத்த தொடக்க எண், மாற்றத்தக்கது.

இரு முறைகளும் குறையற்றவையல்ல. தாராள முறையில் பணியின் நடுவே ஒரு செயலி மடியும். அதுவே தரவுத்தளமாகவோ மாணவரின் தேர்வுப் பதிவாகவோ இருக்கலாம். கண்டிப்பான முறையில் கேட்ட உடனேயே மறுப்பு வரும், இடமிருந்தும் மறுக்கப்படலாம். எனினும், முன்கூட்டிய மறுப்பைத் தாங்கும்படி நிரலை எழுத இயலும்; முன்னறிவிப்பற்ற முடிவைத் தாங்கும்படி எழுதுதல் மிகக் கடினம். பலர் பகிர்ந்துகொள்ளும் பள்ளிக் கணினிக்கூடத்தில் எதனைத் தெரிவது என்பதை, விற்பனையாளர் விட்டுச்சென்ற எண்ணே முடிவுசெய்யலாகாது. ஆசிரியரும் மாணவரும் கூடி ஆராய்ந்து, குறித்த எண்ணையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் நம் மொழி நமக்குத் துணைநிற்கிறது. இவ்வெண்ணைச் சிலர் தடை என்று மொழிபெயர்க்கின்றனர். வரம்பு என்பதே பொருந்தும். வரம்பு என்பது வயலின் கரையையும் குறிக்கும் சொல். அக்கரை நீரைத் தேக்கி நிறுத்துகிறது. அடுத்த வயலுக்குரிய நீரையும் காக்கிறது. கரை தாழ்ந்தால் ஒரு வயலுக்கு மட்டுமன்றி அடுத்ததற்கும் கேடு. அளவுக்கு மீறி உயர்ந்தால் நீர் இருந்தும் பயிர் வாடும். எவ்வளவு உயரம் தகும் என்பதை அந்நிலத்தில் பயிர் செய்வோரே அறிவர்.