ஃப்ராய்டுக்கு மறுப்பு எழுதிய கல்கத்தா டாக்டர்

நியூரோசிஸ் என்றால் பைத்தியம் இல்லை. பூட்டிய கதவைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பவருக்கு அது பூட்டித்தான் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் விட முடியாது. அதுதான் அவஸ்தையே.

1769-ல் இந்த வார்த்தையை உருவாக்கிய ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் கல்லனுக்கு இது நரம்புக் கோளாறு. ஃப்ராய்ட் வந்துதான் அடக்கிவைத்த ஆசைகளின் வேலை என்றார்.

அதை அப்படியே வாங்கிக்கொள்ளாதவர் கிரீந்திரசேகர் போஸ். 1922-ல் கல்கத்தா பார்சிபாகான் சந்தில், தன் வீட்டிலேயே இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியவர். (அண்ணன் ராஜசேகர் போஸ், 'பரசுராம்' என்ற பெயரில் வங்காளத்தையே சிரிக்கவைத்த எழுத்தாளர். நல்ல ஜோடி!)

ஒவ்வொரு ஆசைக்கும் அடியில் அதற்கு நேர் எதிரான ஆசை ஒன்று ஒளிந்திருக்கிறது, நோய் அங்கேதான் பிறக்கிறது என்பது போஸின் கட்சி. ஆண்மை பறிபோய்விடுமோ என்ற பயத்தை ஃப்ராய்ட் பெரிதாகச் சொன்னார். என் இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியர்கள் அளவுக்கு அது இல்லை, பெண்ணாக இருக்க விரும்பும் ஆசைதான் சுலபமாக வெளிவருகிறது என்று 1929-ல் போஸ் அவருக்கே கடிதம் எழுதினார். அடிமை நாட்டிலிருந்து வியன்னாவுக்கு! ஃப்ராய்ட் மரியாதையாகத்தான் பதில் எழுதினார், ஆனால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. 1931-ல் ஃப்ராய்டின் 75-வது பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை போனது. இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவில்லை.