மிளகு மடிசீலை

வேலுத்தம்பியின் சரித்திரத்தை வாளில் தொடங்கி, குண்டறையில் உச்சத்துக்குக் கொண்டுபோய், மண்ணடியில் முடிப்பது வழக்கம். இடையில் அவர் வகித்த ஒரு பதவி யார் கண்ணிலும் அதிகம் படுவதில்லை. தளவாய் ஆகும் முன் அவர் திருவிதாங்கூரின் மிளகு மடிசீலைக் காரியக்காரர். அதாவது சர்க்கார் வியாபாரத்தின் பொறுப்பாளர்.

மார்த்தாண்ட வர்மா காலத்திலிருந்தே மிளகு சர்க்காரின் ஏகபோகம். விளைவித்தவன் சர்க்காருக்குத்தான் விற்க வேண்டும், சர்க்கார் வைத்த விலையில். அந்த லாபத்தில் பட்டாளம் சாப்பிட்டது. அரசியல் வேறு வியாபாரம் வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த ராஜ்யத்தில் இடமில்லை.

1799இல் கேசவதாசர் மறைந்ததும் அதிகாரம் மூவர் கைக்குப் போயிற்று: ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மர வியாபாரியான தச்சில் மாத்து தரகன். கஜானாவை நிரப்பக் கட்டாய வசூல் ஆரம்பித்தது. இரணியலில் காரியக்காரராக இருந்த தலக்குளத்து வேலுத்தம்பியையும் பணம் கேட்டார்கள். மூன்று நாள் தவணை வாங்கி ஊர் திரும்பியவர், ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போனார். உப்பு வரியை நீக்குவதும் கூட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. ராஜா இணங்கினார். நம்பூதிரி பதவி இழந்தார். செட்டிக்கும் தரகனுக்கும் சவுக்கடி, காதுகளும் அறுபட்டன.

இதன் பிறகுதான் வேலுத்தம்பி மிளகு மடிசீலைக்கு வருகிறார். வியாபாரிகளின் காது போயிற்று. ஏகபோகம் அப்படியே இருந்தது. 1860களை ஒட்டி, மாதவராவ் திவானாக இருந்தபோதுதான் அது ஒழிந்தது.

1802 வாக்கில் தளவாய் ஆனபின் வசூலிக்கும் முறை அவருடையது. படியைக் குறைத்ததில் 1804இல் பட்டாளம் கலகம் செய்தது. அடக்கியதற்குக் கூலியாக 1805 உடன்படிக்கை வந்தது: கம்பெனிக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். பாக்கி ஏற ஏற ரெஸிடென்ட் மெக்காலே நெருக்கினார். 1799இல் மூவர் கேட்டதுபோல இப்போது கம்பெனி கேட்டது. 1809 ஜனவரியில் குண்டறை விளம்பரம். பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை விழுந்து கம்பெனிப் படை நாஞ்சில்நாட்டுக்குள் நுழைந்தது.

அவர் தைரியத்தையோ மண்ணடியில் மடிந்த விதத்தையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. 1956க்குப் பின் தலக்குளம் தமிழ்நாட்டில். சிலை திருவனந்தபுரத்தில், செக்ரட்டேரியட் முன்னால். இரு பக்கத்தாருக்கும் வாள் ஏந்திய வேலுத்தம்பியே போதும் என்றாகிவிட்டது. பணம் கேட்கப்பட்டவர், பணம் கேட்டவர், மறுபடி கேட்கப்பட்டவர் என்ற வரிசையில் அவரை வாசித்தால் வேறொரு சரித்திரம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று கட்டத்திலும் கொடுத்தவன் ஒருவனே. மிளகுக்கொடி வைத்தவனும் வயல் உழுதவனும் இன்னும் அதில் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.