கணக்கில் விடுபட்ட சுண்ணாம்பு

1846ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இங்கிலாந்தின் தென்மேற்கே டார்க்கி கடற்கரையில் தங்கியிருந்த ஆன்னா தின் என்ற பெண்மணி, லண்டன் திரும்பும்போது சில கல் பவளங்களை உடன் எடுத்துவந்தார். வழியில் அவை உருண்டு அடிபடாதிருக்க, ஊசி நூல் கொண்டு ஒரு கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து, கடல்நீர் நிரம்பிய ஜாடியில் வைத்திருந்தார். லண்டனில் அவரிடம் மாற்றுவதற்குப் போதிய கடல்நீர் இல்லை. இருக்கும் நீரையே மீட்டெடுக்க வேண்டியிருந்தது. திறந்த ஜன்னல் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, அரைமணி முக்கால்மணி நேரம் அதை ஊற்றி ஊற்றி எடுத்தார்கள். நாம் காப்பி ஆற்றுவதுபோலத்தான். ஆற்றியது அவர் வீட்டுப் பணிப்பெண். மறு ஆண்டு கடற்பாசிகளையும் சேர்த்தார். பவளங்கள் பிழைத்ததோடு பெருகவும் செய்தன. 1859இல் அதைப் பற்றி ஓர் அறிவியல் இதழில் எழுதினார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பவளத் தொட்டியில் அந்தப் பணிப்பெண்ணின் வேலையை ஒரு சிறு மோட்டார் செய்கிறது. கால்சியம், காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் என்று வாரந்தோறும் அளந்து கணினியில் பதிவது என் வேலை. இந்த எண்கள் ஒவ்வொன்றும் பட்டியலுக்குள் வந்த வரலாற்றைத் தேடிப் போனேன். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஒரு காலத்தில் ‘இது தேவையில்லை’ என்று ஒதுக்கியிருந்தது தெரிந்தது.

1853இல் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டபின், கடல்தொட்டி வைப்பது ஒரு மோகமாகப் பரவியது. கடலுக்குத் தொலைவில் இருந்தவர்கள் நீருக்கு என்ன செய்வார்கள்? இயற்கையியலாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் 1854இல் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். ஆங்கிலக் கால்வாய் நீரின் வேதியியல் பகுப்பாய்வை எதிரே வைத்துக்கொண்டு, சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டார். சுண்ணாம்பு உப்புகளை அளவில் அற்பம் என்று விட்டுவிட்டார்.

கணக்குப்படி அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் கால்சியம் அரை கிராம்கூட இல்லை. ஆனால் பவளத்தின் எலும்பு முழுவதும் கால்சியம் கார்பனேட். காஸின் நீரில் வேறு பல உயிர்கள் வாழலாம். பவளம் வீடு கட்ட அதில் கல் இல்லை.

அடுத்து ஒதுக்கப்பட்டது கழிவு. 1849இல் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் வேதியியலாளர் பன்னிரண்டு காலன் தொட்டியில் தங்கமீன்களையும் நீர்ச்செடியையும் விட்டார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டதும் நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமிலவாயு செடிக்கு, செடி விடும் பிராணவாயு மீனுக்கு, மிச்சம் நத்தைக்கு என்று அவர் வரைந்த சமன்பாடு புகழ்பெற்றது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டாளி விடுபட்டிருந்தான்.

அவனைத் தேடியவர்களில் வாரிங்டனின் மகனும் ஒருவர். அவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், வயல் மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு கட்டங்களில், இரு வேறு நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று காட்டினார். 1890இல் ருஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி அத்தகைய நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். தந்தையின் தொட்டியில் சத்தமில்லாமல் உழைத்தது மகன் ஆராய்ந்த அதே கூட்டம்தான்.

ஆனாலும் மீன் வளர்ப்போர் நெடுங்காலம் சுத்தத்தையே நம்பினார்கள். பவளத்தை வெளுத்து, வெண்ணிற எலும்பாக்கி, அலங்காரத்துக்கு வைத்தார்கள். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் அமெரிக்க இதழில் தன் முறையை விவரித்தார். கடலிலிருந்து எடுத்த பாறையை, அதில் ஒட்டிய புழுவோடும் பாசியோடும் நுண்ணுயிரோடும் அப்படியே தொட்டியில் வைத்தார். மற்றபடி வெயிலும் காற்றுக்குமிழிகளும் மட்டுமே. மற்றவர்கள் சுரண்டி எறிந்த அழுக்குதான் அவருடைய வடிகட்டி.

காஸ் விட்ட சுண்ணாம்பைத் திருப்பித் தந்தவர் பீட்டர் வில்கென்ஸ். 1973இல் ஜெர்மன் மொழியில் வெளியான நூலில், ஆவியாகும் நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முறையைப் பரப்பினார். கால்சியமும் காரத்தன்மையும் ஒருங்கே கிடைத்ததால் கல் பவளங்கள் தொட்டியில் வளரத் தொடங்கின. இதைப் படித்தபோது எனக்கு நம் கரைகள் நினைவுக்கு வந்தன. மன்னார் வளைகுடாவிலும் இலங்கையின் தென்மேற்குக் கரையிலும் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைப் பெயர்த்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினோம். நாம் பவளத்தைச் சுண்ணாம்பாக்கிய காலத்திலேயே, ஐரோப்பாவில் ஒருவர் சுண்ணாம்பைப் பவளமாக்கிக்கொண்டிருந்தார்.

கால்சியம் சரியானதும் எல்லோர் கவனமும் நைட்ரேட், பாஸ்பேட் மீது திரும்பியது. இவை மிகுந்தால் வேண்டாத பாசி படர்ந்து பவளத்தை மூடும். பாஸ்பேட் மிகுந்தால் எலும்பு வளர்வதும் தடைபடும். அதனால் நுரையாகப் பிரிக்கும் கருவி, இரும்பு ஆக்சைடு துகள்கள், நுண்ணுயிர்களைப் பெருக்க வோட்கா என்று எதையெல்லாமோ கொண்டு அவற்றைக் குறைத்தார்கள். நானும் அந்த வரிசையில் சேர்ந்தேன். ஒரு மாதம் இரண்டு எண்களும் பூஜ்யம் காட்டின. வரைபடம் தரையைத் தொட்டதில் எனக்குப் பெருமை. அதன்பின் கிளைப்பவளத்தின் நுனிகள் வெளுத்தன. மணலில் பழுப்பு நிறக் கொழகொழப்பு படர்ந்தது. அளவுக்கருவி பழுதோ என்று புதிது வாங்கினேன். அதுவும் பூஜ்யமே காட்டியது.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைப்பதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு அவற்றுக்கு உரம். நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லையென்றால் அந்தச் சமையற்கட்டில் அடுப்பு அணைந்துவிடும். 2013இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையானாலும், வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பவளம் எளிதில் வெளுத்துவிடுகிறது. தனித்தனி அளவைப் போலவே அவற்றுக்கிடையிலான விகிதமும் முக்கியம். மிகுதலும் குறைதலும் ஒருபோலவே நோய் செய்யும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லிவைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த எனக்கு அது தொட்டியருகே நிற்கும்போதுதான் புரிந்தது.

இது தொட்டியோடு முடிகிற விஷயமும் அல்ல. மகன் வாரிங்டன் ராதம்ஸ்டெட்டில் வயல்களின் வடிகால் நீரையும் அளந்தார். உரமிட்ட வயலிலிருந்து நைட்ரேட் அந்த நீரோடு வெளியேறியது. உலகெங்கும் வயலிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல் என்று அது போய்ச்சேரும் இடங்களில் பவளப்பாறைகளும் உண்டு. என் தொட்டியில் பிழை நேர்ந்தால் நீரை மாற்றிவிடலாம். கடலுக்கு மாற்று நீர் கிடையாது.

இப்போது வாரம் இருமுறை, எதை வெளியேற்ற அவ்வளவு பாடுபட்டேனோ, அதே நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சில மில்லிலிட்டர் நானே ஊற்றுகிறேன். வெளுத்த கிளைகளில் இரண்டு பழைய நிறத்துக்கு வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை. அதன் எலும்பை எடுத்து எறிய மனமில்லாமல் தொட்டியிலேயே விட்டிருக்கிறேன். சென்ற வாரம் அதன் அடியில் ஒரு சிறு நத்தை மேய்ந்துகொண்டிருந்தது.