மலையும் வாக்குச் சீட்டும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் பணித்தனர். சேரர் வரலாற்றையும் முசிறித் துறைமுகத்தின் பெருமையையும் கற்றறிந்த அன்பர்கள் முன்னரே எழுதியுள்ளனர். பத்தாம் வகுப்புக்கு மேல் பயிலாது, இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம் அவற்றின் மேல் புதிதாக ஒன்றும் கூறவியலாது. ஆகவே, நம் கண்முன்னே நிகழ்ந்த அண்மைக்கால வரலாறு ஒன்றை எழுதத் துணிந்தோம். மலையைக் காக்க எழுந்த ஓர் அறிக்கை தேர்தல் களத்தில் எவ்வாறு சிக்குண்டது என்பதே அவ்வரலாறு.

“மலையின் கதை மட்டாஞ்சேரிக் காலனியில் வாழும் நமக்கு எதற்கு?” என்று தாய்மார்கள் கேட்கலாம். விடை நம் வீட்டுக் குழாயிலேயே இருக்கிறது. இடுக்கி அணையில் தேக்கிய பெரியாற்று நீர் மூலமற்றம் மின் நிலையத்தைச் சுழற்றிய பின், தொடுபுழை ஆற்றில் விழுந்து மூவாற்றுப்புழை ஆற்றோடு கலக்கிறது. அவ்வாற்று நீரே பாழூரில் இறைக்கப்பட்டு, மரடு வழியாக மேற்குக் கொச்சிக்குக் குடிநீராக வருகிறது. பஜார் வீதிக் கிடங்குகளில் மணந்த மிளகும் ஏலமும் அம்மலையின் விளைவே. குறிஞ்சி வாடினால் நெய்தலும் வாடும் என்பது நம் காலனியில் ஏட்டுக் கல்வியன்று, அன்றாட வாழ்வு.

அறிக்கையின் பிறப்பு

2010 மார்ச்சில், மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் அவர்கள் காலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில். குஜராத் முதல் குமரி வரை நீளும் மலைத்தொடரில் சுமார் 1,29,000 சதுர கிலோமீட்டரைக் குழு கணக்கில் எடுத்தது. அதனை மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது செய்யலாம், எது செய்யலாகாது என வகுத்தது. முதல் அடுக்கில் புதிய சுரங்கமும் பெரிய அணையும் கூடா. இரசாயனப் பூச்சிமருந்துகளை அடுக்கிற்கேற்ப ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட வேண்டும். இவ்வாறு பல பரிந்துரைகள் அதில் இருந்தன. இவற்றை ஊர் ஊராகக் கிராம சபைகளில் வைத்து, மக்கள் கருத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதும் அக்குழுவின் எண்ணமாக இருந்தது.

2011 ஆகஸ்டு 31-ஆம் நாள் அறிக்கை அரசிடம் சேர்ந்தது. ஆனால் மக்களிடம் சேரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கப்பட்டு, மத்தியத் தகவல் ஆணையம் ஆணையிட்டு, தில்லி உயர்நீதிமன்றமும் வெளியிடச் சொன்ன பின்னரே, 2012 மே மாதத்தில் அது வெளிவந்தது. ஏறத்தாழ ஒன்பது மாதம் அது பெட்டிக்குள் கிடந்தது. அந்த ஒன்பது மாதமே இக்கதையின் முதற் பிழை என்பது நம் துணிபு. எழுத்து பூட்டப்பட்ட இடத்தில் வதந்தி குடியேறும் அன்றோ?

பெரும்பான்மை இழந்த அரசு

அக்காலத்து அரசியல் நிலையை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். தில்லியில் மன்மோகன் சிங் அவர்களின் கூட்டணி அரசு. 2012 செப்டம்பரில் திரிணமுல் காங்கிரஸ் விலகியது. 2013 மார்ச்சில், ஈழத் தமிழர் பிரச்சினையை முன்னிட்டுத் திராவிட முன்னேற்றக் கழகமும் விலகியது. மக்களவையின் 543 இடங்களில் பெரும்பான்மைக்கு 272 வேண்டும். அவ்வெண்ணிக்கை கூட்டணியின் கையில் இல்லை. வெளியிலிருந்து சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் தந்த ஆதரவால் அரசு நின்றது. கேரளத்திலோ, 2011 தேர்தலில் ஐக்கிய ஜனநாயக முன்னணி 140 இடங்களில் 72 பெற்று, நூலிழையில் ஆட்சி செய்துகொண்டிருந்தது. இவ்விரு அரசுகளுக்கும் ஒவ்வொரு கூட்டாளியும் ஒவ்வொரு தொகுதியும் உயிர்நிலையாயின.

எதிர்ப்பு எழவே, காட்கில் அறிக்கையை மறு ஆய்வு செய்ய 2012 ஆகஸ்டில் விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரிரங்கன் தலைமையில் மற்றொரு குழு அமைந்தது. அக்குழு 2013 ஏப்ரலில் தந்த அறிக்கை காப்பெல்லையைச் சுமார் 60,000 சதுர கிலோமீட்டராகச் சுருக்கியது. கேரளத்தில் 123 கிராமங்கள் அதனுள் வந்தன. 2013 நவம்பர் 13-ஆம் நாள், ஜெயந்தி நடராஜன் அவர்கள் அமைச்சராயிருந்தபோது, அப்பகுதிகளில் சுரங்கம், கல் உடைத்தல், மணல் அள்ளுதல், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் முதலியவற்றைத் தடுக்கும் ஆணை பிறந்தது.

மலை கொதித்தெழுந்தது. இடுக்கியிலும் வயநாட்டிலும் ஹர்த்தால்கள் நடந்தன. வன அலுவலகங்கள் தாக்கப்பட்டன. இடது முன்னணி போராட்டத்தில் இறங்கியது. ஆளும் முன்னணியிலிருந்த கேரளக் காங்கிரஸும் ஆணையை எதிர்த்தது. ஆளும் கட்சிக்கு உள்ளும் எதிர்ப்பு, வெளியும் எதிர்ப்பு.

அச்சத்தின் வேர்

மலைவாழ் குடியானவர்களை நாம் குறை கூறோம். அவர்களுடைய அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. உணவுப் பஞ்சம் நிலவிய 1940-களிலும் 1950-களிலும் “மேலும் உணவு விளைவிப்பீர்” என்று கூறி, மலைக்குப் போக அவர்களை ஊக்குவித்ததே அரசுதான். பட்டம் தாணுப்பிள்ளை காலத்தில் குடியேற்றத் திட்டமே வகுத்தனர். பின்னர் 1961-இல், இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து குடும்பங்களைப் பெருமழைக் காலத்தில் அப்புறப்படுத்திய போது, ஏ. கே. கோபாலன் அமராவதியில் உண்ணாநோன்பு இருந்தார். வரவழைத்த கையே வெளியேற்றியதை அம்மக்கள் மறக்கவில்லை. பட்டயம் கிடைக்காத நிலத்தில் உழுதவருக்கு, “காப்பு” என்ற சொல் “வெளியேற்றம்” என்றே கேட்டது.

ஆனால் இரு அறிக்கைகளிலும், குடியிருப்போரை வெளியேற்ற வேண்டும் என்ற பரிந்துரை இல்லை. இதனை அவர்கள் வீட்டு வாசலில் அமர்ந்து எடுத்துரைப்பார் இல்லை. அறிக்கையோ ஆங்கிலத்தில் இருந்தது.

இவ்விடத்தில் நம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் சகலை மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 2013-இல் ஒரு நாள் இரவு தொலைபேசியில், “தம்பி, நீங்கள் படித்தவர். இந்த அறிக்கை வந்தால் எங்களை மலையிலிருந்து இறக்கி விடுவார்களா?” என்று கேட்டார். செய்தித்தாளின் தலைப்பன்றி ஒரு வரியும் படித்திராத நாம், “அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், அண்ணே” என்றோம். அன்றிரவு அவர் வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். வதந்தியை மலைக்கு ஏற்றியவர்களில் நாமும் ஒருவர்.

1961-இன் நினைவு தந்த அச்சத்தைக் கட்சிகள் கைக்கொண்டன. ஒரு கட்சி ஊதிய நெருப்பை அணைக்க மற்றொன்று முயலவில்லை; தானும் சேர்ந்து ஊதிற்று.

தேர்தல் தீர்ப்பு

2014 மார்ச் 5-ஆம் நாள் மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஐந்தாம் நாள், மார்ச் 10 அன்று, மத்திய அரசு வரைவு அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கை ஏற்று, கேரளத்தின் காப்பெல்லை 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து 9,993.7 ஆகக் குறைந்தது. எல்லைக்கோட்டை வரைந்தவர் நில அளவையாளரோ, தேர்தல் நாட்காட்டியோ என்று ஐயுறும்படி இருந்தது அவ்வேகம்.

இடுக்கியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்தவர் காங்கிரஸின் பி. டி. தாமஸ். தம் தொகுதி முழுதும் எதிர்த்த போதும், காட்கில் அறிக்கை நன்று என்று வெளிப்படையாகக் கூறியவர். அவருக்கு, உயிரோடிருக்கும்போதே, பொய்ச் சவ ஊர்வலம் நடத்தினர். கட்சி அவருக்கு மீண்டும் அவ்விடத்தைத் தரவில்லை. அவருக்குப் பதிலாக நின்ற டீன் குரியாக்கோஸும் தோற்றார். மலைக் காப்புச் சமிதியும் இடது முன்னணியும் ஆதரித்த சுயேச்சை ஜாய்ஸ் ஜார்ஜ் 50,542 வாக்கு மிகுதியால் வென்றார். ஆளும் முன்னணி மாநிலத்தின் இருபது இடங்களில் பன்னிரண்டைப் பெற்றும், இடுக்கியை இழந்தது. 2019-இலோ அதே டீன் குரியாக்கோஸ் அதே ஜாய்ஸ் ஜார்ஜை ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். வாக்கு மாறியது, மலையின் பிரச்சினை மாறவில்லை.

உலகில் நாம் மட்டும் இவ்வாறு நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2010 தேர்தலில் இரு பெரும் அணிகளும் 150-இல் 72 இடங்கள் வீதம் பெற, சுயேச்சைகளின் துணையோடு ஜூலியா கில்லார்ட் சிறுபான்மை அரசு அமைத்தார். தேர்தலுக்கு முன் கரிவரி வராது என்றவர், ஆட்சி நிலைக்க வேண்டி அதற்கு உடன்பட்டார். 2012 ஜூலை 1 முதல் கரிப்புகைக்கு டன் ஒன்றுக்கு 23 டாலர் விலை வைக்கப்பட்டது. “வரியை ஒழிப்போம்” என்று முழங்கிய டோனி அபட் 2013 செப்டம்பரில் வென்றார். 2014 ஜூலையில் அவ்விதி நீக்கப்பட்டது. நம் மலையின் கதையும் அந்நாட்டின் கதையும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் நடந்தன. வலுவற்ற அரசின் கையில் நற்செயலும் பேரப் பொருளாகி விடுகிறது.

முற்காலச் சான்று

இதற்கு மாறான சான்றும் கேரளத்திலேயே உண்டு. 1970-களின் இறுதியில் பாலக்காட்டு மாவட்டத்துச் சைலன்ட் வேலியில் அணை கட்ட அரசு முனைந்தது. அரசியலார் பெரும்பாலும் அணையின் பக்கமே நின்றனர். ஆனால் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஆசிரியர்களும், கவிஞர் சுகதகுமாரி போன்றோரும் ஊர் ஊராக, மக்கள் மொழியில், ஆண்டுக் கணக்காகப் பேசினர். 1984-இல் அவ்வனம் தேசியப் பூங்காவாயிற்று. அவ்வனத்தில் குடியானவர் நிலம் பறிபோகும் அச்சம் இல்லை என்பதும் மெய்யே. எனினும், முதலில் மக்கள் அறிந்தனர், பிறகு முடிவு வந்தது. காட்கில் அறிக்கையிலோ முடிவுக்கான போரே முதலில் வந்தது.

மழை கட்சி பார்க்கவில்லை

2018 ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை கேரளத்தில் 2,346.6 மில்லிமீட்டர் மழை பெய்தது. வழக்கத்திலும் 42 விழுக்காடு மிகுதி. 26 ஆண்டுகளுக்குப் பின் செறுதோணி அணையின் மடைகள் திறந்தன. நானூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரியாறு அபாய அளவைத் தாண்டியதால் ஆலுவா வழியே இரயில்கள் நின்றன. நெடும்பாசேரி விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்க, வெல்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் பயணி விமானங்கள் இறங்கின. நிறுத்தப்பட்ட வண்டிகளின் எண்களை நாம் ஏட்டில் குறித்த அந்த நாட்களில், அறிக்கையைப் படிக்காமலே பேசிய நம் நா கூசிற்று.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழர். நம் சகலை வேறு டிவிஷனில் இருந்ததால் குடும்பம் தப்பியது. 2024 ஜூலை 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள், ஜூலை 31 தேதியிட்டு, காப்பெல்லைக்கான ஆறாவது வரைவு அறிவிப்பு வந்தது. அதிலும் கேரளத்திற்கு 9,993.7 சதுர கிலோமீட்டர்தான். 2014 முதல் 2024 வரை அவ்வறிவிப்பு வரைவாகவே நின்றது.

அறிக்கை சட்டமாகியிருந்தால் இவ்வுயிர்கள் அனைத்தும் பிழைத்திருக்கும் என்று நாம் கூறத் துணியோம். அதற்கு விஞ்ஞானம் கற்க வேண்டும். ஆனால் எதைக் காக்க வேண்டும், எங்கே வீடு கட்டலாகாது என்ற வினாவை மக்கள் அமைதியாக அமர்ந்து பேசும் வாய்ப்பு கைநழுவியது என்பதைக் கூறப் பேரேடு எழுதுபவனின் அறிவு போதும்.

பி. டி. தாமஸ் 2016-இலும் 2021-இலும் நம் கொச்சியின் திருக்காக்கரை மக்களால் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2021 டிசம்பர் 22-ஆம் நாள் காலமானார். அவருடைய அஸ்தியின் ஒரு பகுதியை, அவர் விரும்பியபடி, இடுக்கி மாவட்டம் உப்புத்தோட்டில் அவர் அன்னையின் கல்லறையில் வைத்தனர். பொய்ச் சவ ஊர்வலம் கண்ட மலை, மெய்யான அஸ்தியை ஏற்றுக்கொண்டது.

அன்பர்களே! கட்சிகளைத் திருத்தும் ஆற்றல் நம் சிறு சங்கத்துக்கு இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். நம் வாழ்வைத் தொடும் அரசறிக்கை எதுவாயினும், தேர்தல் முழக்கம் தொடங்குமுன், அதனைத் தமிழில் சுருக்கி மாதக் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். படித்த இளைஞர் நம் காலனியில் பலர் உளர். எழுதிக் கொடுத்தால் படியெடுக்க நாம் இருக்கிறோம். அடுத்த முறை மலையிலிருந்து ஒருவர், “தம்பி, இது மெய்யா?” என்று கேட்டால், “அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்” என்னாது, “படித்தோம், அண்ணே, சொல்கிறோம், கேளுங்கள்” என்று விடை கூறும் நிலை வர வேண்டும். அதுவே இம்மலரின் வழியே நாம் வேண்டுவது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!