எண்பத்தெட்டாம் சங்கீதம்: தேறாத மனத்தின் ஜெபம்

எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரில் வரும் சங்கீதம் இது, பதினெட்டு வசனங்கள். புலம்பற் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். 13ஆம் சங்கீதம் ஆறே வசனத்தில் திரும்பிவிடுகிறது. இது திரும்புவதே இல்லை.

வசனம் 1, 2: தன்னை மீட்கிற தேவன் என்று கூப்பிட்டுத் தொடங்குகிறான். நம்பிக்கையாகச் சொல்வது இது ஒன்றுதான். பின்வரும் முறைப்பாடு முழுவதும் அவரிடமே செய்யப்படுகிறது.

3–9: உயிரோடிருக்கும்போதே தன்னைப் பிரேதங்களோடு எண்ணுகிறான். குழியில் தள்ளியவர் நீரே என்று கடவுளின் முகத்துக்கு நேரே சொல்கிறான். பிசாசின் மேல் பழி போடவில்லை. தன் பாவத்தின் பலன் என்று சமாதானமும் தேடவில்லை. வட்டுக்கோட்டையில் ஒரு செத்தவீட்டுக்குப் போனால், "அழாதேங்கோ அக்கா, எல்லாத்தையும் ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்" என்பது முதலில் காதில் விழும். அன்பினால்தான் சொல்கிறோம். அதைக் கேட்ட தாயோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய் அழுகிறாள். ஏமான் சந்நிதியிலேயே நின்று அழுதான். அந்த அழுகையை வேதம் அப்படியே வைத்திருக்கிறது.

10–12: இறந்தவர்கள் எழுந்து உம்மைத் துதிப்பார்களா என்று கேட்கிறான். உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நமக்குப் பதில் நாவிலேயே இருக்கிறது. அவசரப்படக் கூடாது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமமே இடம்பெயர்ந்த இரவைச் சுமப்பவர்கள் நம் வாங்குகளில் இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்த பிறகும், காணாமற்போன பிள்ளையின் படத்தோடு காத்திருக்கும் தாய்மாரும் உண்டு. பிள்ளை இறந்ததா என்றே தெரியாதவளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வழியில்லை. அவளிடம் உயிர்த்தெழுதலைப் பிரசங்கிக்குமுன் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.

13, 14: பதில் வரவில்லை, ஆனாலும் காலையில் மறுபடி ஜெபிக்கிறான். முகத்தை ஏன் மறைக்கிறீர் என்று கேட்கவே வருகிறான். இதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் அறியேன். 1821இல் தெல்லிப்பழையில் மனைவி சூசனைப் பறிகொடுத்த மிஷனரி டானியல் புவர், 1823இல் வட்டுக்கோட்டை செமினரியின் முதல் அதிபரானார். நாம் செமினரியின் கதையைத்தான் சொல்கிறோம். இடையிலே விடிந்த காலைகளை விட்டுவிடுகிறோம்.

15–18: இளமை தொட்டு வந்த துன்பம், விலகிப்போன சிநேகிதர், இருள். அவ்வளவே. 89ஆம் சங்கீதம் துதியோடு ஆரம்பிப்பதால் அதையும் சேர்த்து வாசிக்க மனம் உந்தும். ஆராதனையில் வாசிப்பவர் 18ஆம் வசனத்தோடு நிறுத்தட்டும்.